எடையைக் கேட்காத குனிகோ

குனிகோவின் மீன்கடையில் தொலைபேசி மணி அடித்தால் எதிரே இருக்கும் என் சலூனில் கத்தரிக்கோல் தானாக நின்றுவிடும். பாதித் தலை வெட்டியபடி நாற்காலியில் இருப்பவர்கள்கூடக் காதைத் தீட்டிக்கொள்வார்கள். இரண்டு கடைக்கும் நடுவே பன்னிரண்டடிச் சந்துதான். அவள் குரலுக்கு அது ஒரு தூரமே இல்லை.

"எடை எனக்கெதுக்கும்மா? உங்ககிட்ட எடை யாரு கேட்டா? தடிமன் சொல்லுங்க. அளவுகோல் இல்லையா, விரலை வெச்சுப் பாருங்க. எத்தனை விரல்? ரெண்டா? உங்க விரலா, வீட்டுக்காரர் விரலா?"

எங்கள் யாயிசு துறைமுகத்தில் சூரை மீன் இல்லாத உறைபெட்டியே கிடையாது. எல்லா வீட்டிலும் யாராவது ஒருவர் கப்பலில் இருப்பார், அவர் பங்குக்குக் கல் மாதிரி ஒரு கட்டி வந்து சேரும். விருந்தாளி ஆறு மணிக்கு வருகிறார் என்றால் அந்தக் கல்லை எத்தனை மணிக்கு வெளியே எடுப்பது என்பதுதான் ஊரின் நிரந்தரக் கவலை. சீக்கிரம் எடுத்தால் மீன் அழுது வடிந்து நிறம் கறுக்கும். தாமதமாக எடுத்தால் விருந்தாளியின் பல் உடையும். ஆகவே குனிகோவைக் கூப்பிடுவார்கள். அவள் தடிமன் கேட்பாள், தண்ணீரின் சூடு கேட்பாள், ஒரு பத்து விநாடி சும்மா இருப்பாள். பிறகு மணி சொல்வாள். பத்து நிமிடத்துக்கு மேல் தப்பியதில்லை.

போன வருடம் தெருச்சங்கத் தலைவர் திருவிழாவுக்காகப் பன்னிரண்டு பாக்கெட்டை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி வைத்துவிட்டு, நாலு மணி நேரம் ஆகியும் உருகவில்லையே என்று சண்டைக்கு வந்தார். "அது பன்னெண்டு பாக்கெட் இல்லீங்க, ஒரே பாக்கெட்டு. நீங்க அடுக்கினதும் அதுங்க ஒண்ணாயிடுச்சு. பிரிச்சுப் பரப்புங்க" என்றாள் குனிகோ. அந்த மனிதர் இன்றுவரை என்னிடம் முடிவெட்ட வரும்போதெல்லாம் அந்தக் கதையைத் தாமே கண்டுபிடித்த மாதிரி சொல்கிறார். நானும் முதல்முறை கேட்பதுபோலத் தலையாட்டுகிறேன். தொழில் அப்படி.

குனிகோவும் நானும் ஒரே வகுப்பு. பள்ளியில் கணக்கு வராதவர்கள் வரிசையில் எனக்கு முன்னால் நின்றவள் அவள். படிப்பு முடிந்ததும் துறைமுகத்துக் குளிர்கிடங்கு ஒன்றில் மீன் உருக்கும் தொட்டியில் வேலைக்குச் சேர்ந்தாள். யாரும் சொல்லாமலே ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தாள்: மீன் எவ்வளவு தடிமன், தண்ணீர் எவ்வளவு சூடு, எத்தனை மணிக்கு நடு இளகியது. ஏன் எழுதுகிறாய் என்று கேட்டால், "தெரிஞ்சா நல்லதுதானே" என்பாள். பதினோரு வருடம் இப்படி எழுதினாள்.

பதினோராவது வருடம் ஓர் ஆய்வுக்கூடத்திலிருந்து ஒகிதா என்ற பையன், பொறியியல் முடித்த கையோடு, மீனுக்குள் செருகும் கம்பிகளும் கணக்குக் காகிதங்களுமாக வந்தான். மீன் உறைய எத்தனை மணி நேரம் ஆனதோ அதையே அடிப்படையாக வைத்து, மதியம் இரண்டுக்கு உருகிவிடும் என்று எழுதிக் கொடுத்தான். இரண்டுக்கு மேஸ்திரி வெட்டினார். நடுவில் வெள்ளைக் கல்.

"இன்னும் நாலு மணி நேரம் ஆகும்" என்று அப்போது பின்னாலிருந்து சொன்னது குனிகோ.

ஒகிதா நல்ல பையன். கோபப்படவில்லை. எப்படித் தெரியும் என்று கேட்டான்.

"உறையும்போது வெளிப்பக்கம் முதல்ல பனிக்கட்டி ஆகுது. பனிக்கட்டி வழியா குளிர் சர்ருனு ஓடும். உருகும்போது வெளிப்பக்கம் முதல்ல ஈரச் சதை ஆகுது. அது போர்வை மாதிரி. போர்வையைப் போத்திக்கிட்டு இருக்கிறவனுக்கு வெளியில இருந்து சூடு எப்படிங்க சட்டுனு போகும்? உருக உருகப் போர்வையும் தடிச்சுக்கிட்டே போகுதே."

அவன் அவளுடைய நோட்டை வாங்கி, பதினோரு வருடத்து எண்களையும் கட்டம் போட்ட தாளில் புள்ளிகளாக வைத்தான். எல்லாப் புள்ளிகளும் அவன் பாடப்புத்தகத்துக் கோட்டின் மேலேயே போய் உட்கார்ந்தன. தடிமன் இரண்டு மடங்கானால் நேரம் நாலு மடங்கு, மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு. தடிமனைத் தடிமனாலேயே பெருக்க வேண்டும் என்ற ஒரு வரிதான் அவள் நோட்டில் இல்லாமல் இருந்தது. ஒகிதா எழுந்து நின்று அவளுக்கு இடுப்பு வளைய வணக்கம் வைத்தானாம். அன்று மாலை என்னிடம் முடி வெட்டிக்கொள்ள வந்தவள் வேறு பேச்சே பேசவில்லை. எரிச்சலில் நான் அவள் நெற்றிமுடியைக் கோணலாக வெட்டிவிட்டேன். அவள் கவனிக்கவேயில்லை.

இனி அவள் புருஷன் தெத்சுஜி. தூண்டில்கப்பலில் போசன், அதாவது மேல்தளத்தில் எல்லோரையும் விரட்டி வேலை வாங்குகிறவர். வருடத்தில் பத்து மாதம் தென்னாப்பிரிக்காப் பக்கம் கடலில். கல்யாணமான முப்பத்தெட்டு வருடத்தில் இருவரும் ஒரே கூரையின் கீழ் இருந்த நாளைக் கூட்டினால் ஆறு வருடம் தேறலாம். பத்தாம் தேதி வருகிறேன் என்பார், இருபத்தேழாம் தேதி வருவார். புயல், எந்திரக் கோளாறு, கிடங்கு நிறையவில்லை என்று ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம். ஒவ்வொரு பத்தாம் தேதியும் குனிகோ என்னிடம் வந்து தலையைச் சீவிக்கொண்டு போவாள். இருபத்தேழாம் தேதி வாரப்படாத தலையோடு துறைமுகத்துக்கு ஓடுவாள். எனக்கு அந்த மனிதர் மேல் நெடுநாளாக ஒரு கடுப்பு உண்டு. மறைப்பதற்கில்லை.

கல்யாணமான முதல் வருடம் அவர் கொண்டுவந்த மீனைக் குனிகோ மாமனார் மாமியாருக்காகச் சுடுநீரில் போட்டாள். மீன் சுருண்டு, முறுக்கி, பாதியாய்ச் சிறுத்து, தட்டு முழுக்க நீர் விட்டது. பிடித்தவுடனே உறைய வைத்த மீனுக்கு இந்த ஆபத்து உண்டு. செத்த உடம்பு விறைக்க வேண்டிய விறைப்பு பாக்கி இருக்கும்போதே அது உறைந்துவிடுகிறது. அவசரமாக உருக்கினால் அந்த விறைப்பு மொத்தமும் ஒரேயடியாக வந்து சதையைப் பிழிந்துவிடும். அது அவளுக்கு அன்று தெரியாது. மாமனார் ஒரு துண்டைக் குச்சியில் தூக்கிப் பார்த்து, "ரப்பரா?" என்றார். தெத்சுஜியும் கூடச் சேர்ந்து சிரித்தார். இரண்டு நாளில் கப்பலேறிப் போய்விட்டார். நோட்டு எழுதுகிற பழக்கம் அதற்கு அடுத்த வாரம்தான் தொடங்கியது என்று நான் அடித்துச் சொல்வேன். அவள் ஒப்புக்கொள்ள மாட்டாள்.

இந்த ஆகஸ்டில் தெத்சுஜி ஓய்வு பெற்றுக் கடைசியாகக் கரையேறினார். வியாழக்கிழமை பதினொரு மணிக்குச் சந்துக்குள் ஒரு நுரைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். உள்ளே கடைசி நாள், கடைசித் தூண்டிலில் வந்த தென்கடல் சூரையின் வயிற்றுப்பக்கம், ஒரு முழ நீளம். மைனஸ் அறுபதில் புகைந்துகொண்டிருந்தது. குனிகோ பத்து மாதம் கழித்து வந்த புருஷனின் முகத்தைப் பார்ப்பதற்கு முன் அளவுகோலை எடுத்து மீனின் தடிமனைப் பார்த்தாள்.

"பன்னெண்டு சென்டிமீட்டர்."

"நல்லா இருக்குல்ல?" என்றார் அவர். "நானே குத்தினேன், நானே ரத்தம் வடிச்சேன். நாப்பதே நிமிஷத்துல உறையறைக்குள்ள. இதைவிடப் புது மீன் ஒலகத்துலயே கிடையாது."

"அதுதான் தொல்லையே."

"நாளைக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்கு எல்லாரையும் வரச் சொல்லியிருக்கேன். சனிக்கிழமை காலையில சுகெங்கும் மத்த கப்பல் பசங்களும் ஜாவாவுக்கு விமானம் ஏறறாங்க. அப்புறம் எங்க பார்க்கறது? இருபது வருஷமா என்கூடத் தூண்டில் இழுத்தவன். அவனுக்கு நான் என் கையால இதை அறுத்துப் போடணும்."

"முழுசா உருக்கினா மூணு நாள் ஆகும்."

"சுடுதண்ணில போடேன்."

"போடலாம். வெளியில வெந்துடும், நடுவுல முறுக்கிக்கும், உள்ள கல்லா இருக்கும். மூணு தினுசு மீனை ஒரே தட்டுல திங்கலாம்."

அவருக்கு அறுக்கக் கூடாது, முழு மீனாகச் சபையில் வைக்க வேண்டும். இவளுக்கு அறுத்தே ஆக வேண்டும். நடுவர் நான். கடைசியில் குனிகோ மாவுபோல மீன் தூள் பறக்க ரம்பத்தில் அதை நீளவாக்கில் நாலு பலகையாக அறுத்தாள், ஒவ்வொன்றும் மூன்று சென்டிமீட்டர். தெத்சுஜி முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். பல் பிடுங்கக் கூட்டிவந்த பிள்ளையை நினைத்துக்கொண்டேன்.

"தடிமன் நாலுல ஒண்ணு, நேரம் பதினாறுல ஒண்ணு, கொஞ்சம் முன்னப்பின்ன" என்று சொல்லியபடி அவள் ஓர் அட்டையில் எழுதிச் சுவரில் குத்தினாள். வெள்ளி பகல் பதினொன்று வரை உறைபெட்டியில் மைனஸ் எட்டில் கிடக்கும், அதற்குள் பாக்கியிருக்கும் விறைப்பு சத்தமில்லாமல் அடங்கிவிடும். பிறகு இரண்டு டிகிரி உப்புநீரில், பலகைக்குப் பலகை இடைவெளி விட்டு. நாலரைக்கு வெளியே. அட்டையைக் குத்திவிட்டு என்னிடம் மெல்லச் சொன்னாள்: "இந்தத் தடவை சுருளக் கூடாதுடி ஷிகே. அவர் எதிர்ல சுருளக் கூடாது."

வெள்ளிக்கிழமை சரியாகப் பதினொன்றுக்கு நாலு பலகையையும் பைகளில் போட்டுத் தொட்டியில் இறக்கிவிட்டு, "கையை வைக்காதீங்க" என்று புருஷனிடம் சொல்லிவிட்டு, என் சலூனுக்குச் சுருள் வைத்துக்கொள்ள வந்தாள். விருந்துக்கு அழகாக இருக்க வேண்டுமாம். தலை முழுக்க உருளைகளைச் சுற்றினேன். நடுவில் கண்ணாடியில் தெத்சுஜி தொட்டிமேல் குனிந்து நிற்பது எனக்குத் தெரிந்தது. தண்ணீரைத் தொட்டுப் பார்க்கிறார் என்று நினைத்தேன். சொல்லியிருக்க வேண்டும். பேச்சு சுவாரசியத்தில் விட்டுவிட்டேன்.

ஒன்றரைக்கு நாற்காலியைச் சந்துப் பக்கம் திருப்பினேன். எதிரே தெத்சுஜி தொட்டிக்குள்ளிருந்து பன்னிரண்டு சென்டிமீட்டர் மீனை முழுசாகத் தூக்கி ரசித்துக்கொண்டிருந்தார்.

குனிகோ உருளைகளோடு ஓடினாள். நானும் சீப்போடு ஓடினேன்.

"என்ன பண்ணி வெச்சிருக்கீங்க?"

"ஒண்ணும் பண்ணல. நாலு பலகையா கெடந்தா மீன் மாதிரியே இல்ல. அதான் ஒண்ணா சேர்த்துக் கட்டினேன். அவுழாது. நம்ம முடிச்சு."

கப்பல்காரன் முடிச்சு. குனிகோ இழுத்துப் பார்த்தாள், அவிழவில்லை. அவரே அவிழ்த்தார். நடுவில் சிக்கிய நீர் உறைந்து பலகைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன.

"எப்பக் கட்டினீங்க?"

"நீ அந்தப் பக்கம் போனதும். பதினொண்ணே கால் இருக்கும்."

"ரெண்டேகால் மணி நேரம்" என்றாள் குனிகோ. திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் திட்டவில்லை, அவள் முகம் மட்டும் வெளுத்துப்போனது. அதைப் பார்த்து எனக்குத்தான் அந்த ஆளை அடிக்கலாம் போல வந்தது. ஈரத்துணியால் ஒற்றி ஒற்றிப் பலகைகளைப் பிரித்தாள். நடுப்பலகையில் ஊசி வெப்பமானியைச் செருகினாள். அட்டையைச் சுவரிலிருந்து எடுத்துத் திருப்பி, பின்பக்கத்தில் பென்சிலால் கணக்குப் போட்டாள். காதோரம் ஓர் உருளை தொங்கிக்கொண்டிருந்தது.

"கொஞ்சம் சூடா தண்ணி..." என்று ஆரம்பித்தார் தெத்சுஜி.

"ஒரு டிகிரி ஏத்தறேன். ரெண்டாவது டிகிரி கேட்டீங்கன்னா உங்களைத் தொட்டியில போட்டுடுவேன்." பென்சிலைக் கீழே வைத்தாள். "அஞ்சு அம்பது."

"அஞ்சுக்கு வந்துடுவாங்களே."

"வரட்டும். நீங்களே சொல்லுங்க."

அவர் ஒரு மீன்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டுத் தொட்டிக்குக் காவலாக உட்கார்ந்தார். குனிகோ பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்தாள். நான் அங்கேயே நின்று அவள் தலையிலிருந்து உருளைகளைக் கழற்றத் தொடங்கினேன். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அந்த மனிதர் எழுந்து எட்டிப் பார்த்தார்.

"இன்னும் எவ்வளவு நேரம்?"

"மூணு மணி நேரம், நாப்பது நிமிஷம்."

உட்கார்ந்தார். எழுந்தார். தொட்டியைச் சுற்றி வந்தார்.

"ஓய், நீ எப்படி இப்படிச் சும்மா உக்கார்ந்திருக்கே?"

"பழக்கம்."

"ஷிகே-சான், நீங்களாவது சொல்லுங்க, இவ்வளவு நேரம் ஒண்ணும் பண்ணாம மனுஷன் எப்படி இருக்கறது?"

நான் வாயில் உருளை ஊசியைக் கவ்விக்கொண்டிருந்தேன். நல்லவேளை. இல்லாவிட்டால் முப்பத்தெட்டு வருடத்துப் பாக்கியையும் ஒரே மூச்சில் கொட்டியிருப்பேன்.

பிறகு அவர் தண்ணீரைப் பார்த்தபடியே கேட்டார்.

"காத்துக்கிட்டு இருக்கும்போது நீ என்னதான் பண்ணுவே?"

"கணக்குப் போடுவேன்."

"சரியா வருமா?"

"மீனுக்கு வரும். உங்களுக்கு ஒரு தடவகூட வந்ததில்ல."

அவள் அதை வருத்தமாகச் சொல்லவில்லை, வெப்பமானியைப் பார்த்துக்கொண்டே விலை சொல்வதுபோலச் சொன்னாள். எனக்குத்தான் கண் நிறைந்துவிட்டது. தெத்சுஜி அதன் பிறகு எழுந்திருக்கவில்லை. ஐந்து வரைக்கும் அந்தப் பெட்டி மேலேயே இருந்தார்.

ஐந்து மணிக்கு இருபத்தைந்து பேர் வந்து கடைக்கு மேலிருக்கும் மாடியறையை நிறைத்தார்கள். கறுப்பு மீன்வடையும் பீரும் போயின. தெத்சுஜி நடுவில் நின்றார்.

"மீன் அஞ்சு அம்பதுக்கு வரும். நான்தான் கெடுத்தேன். என் வீட்டுக்காரி சரிபண்ணிக்கிட்டு இருக்கா."

சுகெங் பக்கத்திலிருந்தவனிடம், "எத்தனை மணின்னு குறிச்சுக்கோ. போசன் வாயிலேருந்து நான்தான் கெடுத்தேன்னு வந்திருக்கு. கேப்டன்கிட்ட சொன்னா நம்ப மாட்டார்" என்றான். மாடி அதிர்ந்தது. தெத்சுஜி கழுத்து வரை சிவந்தார். ஆனால் சிரித்தார்.

ஐந்து நாற்பத்தேழுக்குக் குனிகோ நடுப்பலகையில் ஊசியைச் செருகினாள். "மூணு நிமிஷம் முன்னாடியே வந்துடுச்சு" என்று அவள் சலித்துக்கொண்டாள். நாலு பலகையையும் துடைத்து, மேலே தூக்கிப் போய், நீளமான வெட்டும் கட்டைமேல் வரிசையாக ஒன்றன்மேல் ஒன்று வைத்து, முழு மீனாக்கி, கத்தியைப் புருஷன் கையில் கொடுத்தாள். கப்பல்காரர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள்.

அவர் அறுத்தார். சிவப்பும் ரோஜாநிறமுமாகத் துண்டுகள் விழுந்தன. சுருளுகிற மீன் பத்து நிமிடத்தில் ஓரம் மடங்கத் தொடங்கும். ஆகவே குனிகோ யாரையும் தொடவிடவில்லை. இருபத்தைந்து பேரும் குச்சிகளைப் பிடித்தபடி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். சாமி கும்பிடும்போதுகூட எங்கள் ஊரில் இவ்வளவு அமைதி கிடையாது. பத்து நிமிடம் ஆனது. ஒரு துண்டும் அசையவில்லை, தட்டோடு தட்டாகப் படுத்துக்கிடந்தன.

முதல் துண்டைத் தெத்சுஜி சுகெங்குக்கு வைத்தார். இரண்டாவதைக் குனிகோவுக்கு. தாமும் ஒன்றை வாயில் போட்டு வெகுநேரம் மென்றார். நல்லாயிருக்கிறது என்றெல்லாம் அவர் சொல்லவில்லை. அந்தத் தலைமுறை ஆண்களிடம் அதை எதிர்பார்க்கிறவள் நானுமில்லை, அவளுமில்லை. தட்டைத் துடைத்தாற்போல் காலி செய்தார்கள். கிளம்பும்போது சுகெங் குனிகோவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, போசனைக் கண்டிப்பா நடத்துங்க அக்கா, அவர் எங்களை நடத்தின மாதிரி, என்று சொல்லிவிட்டுப் போனான்.

தட்டுகளை அடுக்கும்போது தெத்சுஜி கேட்டார், "நாளைக்குக் காலையில சாப்பாடு எத்தனை மணிக்கு?"

"ஏழு."

"ஏழுக்கு வந்துடறேன்."

அதே வீட்டில் கீழே படுத்து மாடிக்கு ஏறிவர வேண்டியவர் இப்படிச் சொன்னதும் நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். குனிகோ சிரிக்கவில்லை. "சரி, ஏழு" என்றாள், ஒருவர் கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து சொன்னதைக் குறித்துக்கொள்வதுபோல.

மறுநாள் காலையில் நான் கடைக் கதவைத் தூக்கும்போது அவள் சந்தில் நின்று தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். நேற்று நான் வைத்த சுருள் கலையாமல் இருந்தது.

"வந்தாரா?" என்று கேட்டேன்.

"ஆறே முக்காலுக்கே வந்து உக்கார்ந்துட்டாருடி. சோறு இன்னும் வேகவே இல்ல" என்றாள். "இவரு விஷயத்துல எனக்குக் கணக்கு வராது, போ." சொல்லிவிட்டுச் சிரித்தபடி உள்ளே ஓடினாள்.